செபாஸ்டியானோ டெல் பியோம்போ

செபாஸ்டியானோ டெல் பியோம்போ (சுமார் 1485 – ஜூன் 21, 1547) இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற ஓவியர் ஆவார். இவரது இயற்பெயர் செபாஸ்டியானோ லூச்சியானி. வெனிஸ் நகரில் பிறந்து ரோம் நகரில் வாழ்ந்து மறைந்தார். வெனிஸ் ஓவியர்களின் வண்ண வளத்தையும், ரோம் ஓவியர்களின் உருவ அமைப்பையும் ஒன்றிணைத்தவர் என்று கலை வரலாற்றில் குறிப்பிடப்படுகின்றார். மைக்கலாஞ்சலோவின் நெருங்கிய நண்பராக இருந்து பின்னர் அவரது பகைக்கு ஆளானார். மரப்பலகை, கித்தான் ஆகிய வழக்கமான பரப்புகளை விட்டு, கற்சுவர், சிலேட்டுக்கல், பளிங்கு, எரிமலைக்கல் போன்றவற்றின் மீது எண்ணெய் வண்ணம் தீட்டும் முறையை உருவாக்கியது இவரது தனிச் சாதனை ஆகும். இப்பரப்புகள் மீது இவர் கொண்ட ஈடுபாடே அப்பகைக்கும் காரணமாயிற்று.

பெயர்

பியோம்போ என்ற இத்தாலியச் சொல்லுக்குக் காரீயம் என்பது பொருள். திருத்தந்தையின் ஆணை மடல்களில் தொங்கவிடப்படும் காரீய முத்திரைக்குப் பொறுப்பாளராக இவர் 1531இல் நியமிக்கப்பட்டார். அப்பதவியின் பெயரே இவரது பெயருடன் ஒட்டிக்கொண்டது. எனவே 1531க்கு முன்னர் இவரை இப்பெயரால் எவரும் அழைத்திருக்க முடியாது. எனினும் வாழ்நாள் முழுமைக்கும் இப்பெயரையே பயன்படுத்துவது நூல்களில் வழக்கமாகிவிட்டது.

வெனிஸில் இளமைக் காலம்

இவரது இளமை பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஜார்ஜோ வசாரி எழுதிய ஓவியர் வரலாறுகளில் இருந்தே கிடைக்கின்றன. வசாரியின் கூற்றுப்படி இவர் முதலில் இசைக் கலைஞராகவே அறியப்பட்டார். லூட் என்னும் நரம்புக் கருவியை வாசிப்பதில் வல்லவராக இருந்ததால் வெனிஸின் உயர்குடியினரிடையே இவருக்கு நல்ல வரவேற்பு இருந்தது. பின்னர் ஓவியத்தில் நாட்டம் கொண்டு ஜொவான்னி பெல்லினியிடமும், அதன்பின் ஜார்ஜோனேயிடமும் பயின்றார். ஜார்ஜோனே 1510இல் கொள்ளைநோயால் இறந்தபோது முற்றுப்பெறாமல் இருந்த மூன்று மெய்யியலாளர்கள் என்னும் ஓவியத்தைச் செபாஸ்டியானோ நிறைவு செய்ததாக மார்க்கந்தோனியோ மிக்கியேல் என்பவர் 1525இல் குறித்து வைத்துள்ளார். வெனிஸில் இவர் வரைந்தவற்றுள் புனித ஜொவான்னி கிரிசோஸ்தோமோ ஆலயத்தின் பீட ஓவியமும், ரியால்டோவில் உள்ள புனித பர்த்தொலொமேயு ஆலயத்து இசைப்பேழையின் கதவுகளில் வரைந்த புனிதர் உருவங்களும் முதன்மையானவை.

வெனிஸ் நகரின் தட்பவெப்பம் இங்கு கவனிக்கத்தக்கது. கடல்நீரின் நடுவே எழுந்த அந்நகரில் சுவர்கள் எப்போதும் ஈரமும் உப்பும் ஏறியவை. 1508இல் ஜார்ஜோனேயும் டிசியனும் ஜெர்மன் வணிகர் மாளிகையின் வெளிச்சுவர்களில் தீட்டிய ஓவியங்கள் நாளடைவில் அழிந்து, இன்று சில துண்டுகளே எஞ்சியுள்ளன. இத்தகைய அனுபவங்களால் வெனிஸ் ஓவியர்கள் சுவரை விட்டுக் கித்தான் துணியின் பக்கம் திரும்பினர். சுவர் என்பது நம்பத்தகாத பரப்பு என்ற எண்ணம் நிலவிய ஊரில் இருந்தே செபாஸ்டியானோ வந்தார்.

ரோம் நகருக்கு வருகை

1511இல் சியன்னாவைச் சேர்ந்த பெரும் வங்கியாளரான அகஸ்தீனோ கீஜி, வெனிஸுக்கு வந்திருந்தபோது இவரைத் தம்முடன் ரோமுக்கு அழைத்துச் சென்றார். டைபர் ஆற்றங்கரையில் கீஜி கட்டிய மாளிகையின் (இது பின்னாளில் பார்னேசினா என்று பெயர் பெற்றது) மாடத்தில், கூரையை ஒட்டிய அரைவட்டப் பகுதிகளில் ஓவிட் கூறும் புராணக் காட்சிகளை ஈரச்சுதை ஓவியமாக வரைந்தார். அவற்றின் கீழே பொலிபீமஸ் என்னும் ஒற்றைக்கண் அரக்கனின் உருவத்தையும் தீட்டினார். அதற்கு அடுத்த பகுதியிலேயே ரஃபாயெல் தமது புகழ்பெற்ற கலாத்தியாவை வரைந்தார். இரண்டையும் அருகருகே காண்போர் ஒப்பிடாமல் இருக்க முடியாது. அவ்வொப்பீட்டில் செபாஸ்டியானோவுக்கு நற்பெயர் கிட்டவில்லை.

இதற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணம் அன்று. ஈரச்சுதை முறை இவரது பயிற்சிக்கு நேர்மாறானது. வெனிஸ் ஓவியர் எண்ணெய் வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று பூசி, காயவிட்டு, திருத்தி, மீண்டும் பூசி வாரக்கணக்கில் வேலை செய்வார். ஈரச்சுதையில் அதற்கு இடமில்லை. அன்றன்று பூசிய சுண்ணச்சாந்து காய்வதற்குள் அப்பகுதியை முடித்துவிட வேண்டும்.

மைக்கலாஞ்சலோவின் நட்பு

சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரை ஓவியங்கள் 1512இல் நிறைவடைந்தன. அதே காலத்தில் ரஃபாயெலின் புகழும் உச்சத்தில் இருந்தது. தமது வரைபடங்களைச் செபாஸ்டியானோவின் வண்ணங்களுடன் சேர்த்தால் ரஃபாயெலை வெல்லலாம் என்று மைக்கலாஞ்சலோ கருதியதாக வசாரி எழுதுகின்றார். இக்கூட்டின் முதல் விளைவு, ஜொவான்னி போத்தோந்தி என்ற குருவுக்காக வரையப்பட்டு இன்று வித்தெர்போ நகர அருங்காட்சியகத்தில் உள்ள பியேட்டா ஓவியம் ஆகும். நிலவொளியில் இறந்த கிறித்துவின் உடல் தரையில் கிடக்க, மரியா வானை நோக்கி அமர்ந்திருக்கும் இக்காட்சி, இத்தாலிய ஓவியத்தில் முழு அளவிலான இரவுக் காட்சிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று.

1516இல் கர்தினால் ஜூலியோ தெ மெதிச்சி, பிரான்சில் உள்ள நார்போன் பேராலயத்துக்கு இரு பெரும் ஓவியங்கள் தேவை என்று கூறி, ரஃபாயெலிடம் இயேசுவின் தோற்றமாற்றத்தையும், செபாஸ்டியானோவிடம் லாசரு உயிர்பெற்று எழுதலையும் வரையப் பணித்தார். இது வெளிப்படையான போட்டியாகவே கருதப்பட்டது. லாசரு ஓவியத்தின் சில உருவங்களுக்கு மைக்கலாஞ்சலோ வரைபடங்கள் அளித்தார். செபாஸ்டியானோ 1519இல் முடித்தார். ரஃபாயெல் 1520 ஏப்ரல் 6 அன்று இறந்தார். போட்டியின் முடிவு ஒருவாறு ரஃபாயெலுக்கே சாதகமாயிற்று: அவருடைய ஓவியம் ரோமிலேயே நிறுத்திக்கொள்ளப்பட்டது, செபாஸ்டியானோவின் ஓவியம் நார்போனுக்கு அனுப்பப்பட்டது.

மரப்பலகையில் வரையப்பட்ட லாசரு ஓவியம் 1771இல் பலகையில் இருந்து பிரிக்கப்பட்டுக் கித்தானுக்கு மாற்றப்பட்டது. வண்ணப் படலத்தை முன்புறமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் உள்ள மரத்தைச் சிறிது சிறிதாகச் செதுக்கி நீக்கிவிட்டுத் துணியில் ஒட்டும் இம்முறை அக்காலத்தில் பிரான்சில் பெருமளவு கையாளப்பட்டது. ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரம் உள்ள ஓர் ஓவியத்துக்கு இது எவ்வளவு ஆபத்தான வேலை என்று கூற வேண்டியதில்லை. 1824இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடம் தொடங்கப்பட்டபோது அதன் பட்டியலில் முதலாம் எண்ணைப் பெற்றது இவ்வோவியமே. அவ்வெண்ணை இன்றும் கொண்டுள்ளது.

இருவருக்கும் இடையே இருந்த நட்பு தொழில் அளவில் நின்றுவிடவில்லை. செபாஸ்டியானோவின் மகனுக்கு மைக்கலாஞ்சலோ ஞானத் தந்தை ஆனார். மைக்கலாஞ்சலோ புளோரன்சில் இருந்த ஆண்டுகளில் ரோம் நகரச் செய்திகளையும், ரஃபாயெலின் குழுவினரைப் பற்றிய ஏளனங்களையும் செபாஸ்டியானோ அவருக்குக் கடிதங்களில் தொடர்ந்து எழுதிவந்தார். இக்கடிதங்கள் பல இன்றும் உள்ளன.

சுவரும் எண்ணெயும்

செபாஸ்டியானோ எதிர்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ள, சுவரில் வண்ணம் எவ்வாறு பிடிக்கின்றது என்பதைச் சற்று நோக்குதல் வேண்டும். ஈரச்சுதை ஓவியத்தில் பசையோ எண்ணெயோ இல்லை. நிறப்பொடி நீரில் மட்டுமே குழைக்கப்படுகின்றது. ஈரமான சாந்தில் உள்ள சுண்ணாம்பு (கால்சியம் ஐதராக்சைடு) காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடுடன் வினைபுரிந்து கால்சியம் கார்பனேட்டாக மாறும்போது நிறத்துகள்கள் அப்படிகங்களுக்கு இடையே சிறைப்படுகின்றன. அதாவது வண்ணம் சுவரின் மேல் ஒட்டியிருப்பதில்லை. சுவரின் பகுதியாகவே ஆகிவிடுகின்றது. ஆகவேதான் நல்ல ஈரச்சுதை ஓவியம் நூற்றாண்டுகள் நிலைக்கின்றது.

எண்ணெய் வண்ணம் வேறு வகையானது. ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, தோல் போன்ற படலமாக இறுகுகின்றது. இப்படலத்தைச் சுண்ணச்சுவரின் மீது நேரடியாகப் பூசினால் பல கேடுகள் நேர்கின்றன. காய்ந்த சாந்து எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் மேலே நிறப்பொடி பிடிப்பின்றி நின்றுவிடும். புதிய சுண்ணாம்பின் காரத்தன்மை எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரின் உட்புறத்தில் இருந்து வரும் ஈரம் வெளியேற வழியின்றி எண்ணெய்ப் படலத்தின் பின்னால் தங்கும். அதனுடன் வரும் உப்புகள் படிகமாகிப் படலத்தைச் சுவரில் இருந்து நெம்பித் தள்ளும்.

இதற்கு யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு, லியொனார்டோ டா வின்சி மிலானில் 1495 முதல் 1498 வரை தீட்டிய கடைசி இராவுணவு ஆகும். நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைவதற்காக அவர் ஈரச்சுதையைத் தவிர்த்து, காய்ந்த சுவரின் மீது எண்ணெயும் முட்டையும் கலந்த வண்ணங்களைப் பயன்படுத்தினார். அவர் உயிருடன் இருந்தபோதே அது சிதையத் தொடங்கிவிட்டது. 1517இல் அதைக் கண்ட ஒரு பயணி அப்போதே கெட்டு வருவதாகக் குறித்துள்ளார்.

செபாஸ்டியானோ இதே சிக்கலை ரோமில், ஜனிக்குலம் குன்றின் மீதுள்ள மொந்தோரியோ புனித பேதுரு ஆலயத்தில் சந்தித்தார். புளோரன்சைச் சேர்ந்த வங்கியாளர் பியர்பிரான்செஸ்கோ போர்கெரீனியின் சிற்றாலயத்தை அணிசெய்யும் பணி 1516இல் இவருக்குக் கிடைத்தது. மேற்பகுதிகளை ஈரச்சுதையில் வரைந்த இவர், பீடத்தின் பின்னுள்ள வளைந்த சுவரில் கிறித்துவைக் கற்றூணில் கட்டிக் கசையால் அடிக்கும் காட்சியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டத் துணிந்தார். இதன் நடு உருவத்துக்கு மைக்கலாஞ்சலோ வரைபடம் அனுப்பினார்.

இவர் கையாண்ட முறையை வசாரி விளக்குகின்றார். மஸ்திக் பிசினையும், கிரேக்கக் கீல் என்று அழைக்கப்பட்ட பைன் மரப் பிசினையும் நெருப்பில் ஒன்றாக உருக்கி, சுண்ணச்சாந்தின் மீது பூசி, பழுக்கக் காய்ச்சிய கொத்தனார் கரண்டியால் தேய்த்துச் சமப்படுத்தினார். உருகிய பிசின் சுவரின் நுண்துளைகளை அடைத்து, ஈரம் ஊடுருவாத ஒரு தடுப்பாக இறுகியது. வண்ணம் சுண்ணாம்பைத் தொடவே இல்லை. சிந்தித்துப் பார்த்தால் இது ஓவியரின் தீர்வு என்பதைவிடப் படகு கட்டுவோரின் தீர்வு எனலாம்: மரக்கல இடுக்குகளைக் கீல் இட்டு அடைக்கும் வழக்கத்தைக் கப்பல் பட்டறைகள் நிறைந்த வெனிஸில் பிறந்தவர் அறியாதிருக்க மாட்டார். எனினும் அங்கிருந்தே இவ்வெண்ணம் தோன்றியது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை.

பணி 1524இல் முடிந்தது. எட்டு ஆண்டுகள் என்பது ஒரு சிற்றாலயத்துக்கு மிக அதிகம். இடையில் லாசரு ஓவியம் வந்ததும் ஒரு காரணம். முன்னர் சுவரில் எண்ணெய் கொண்டு வரைந்த அந்திரேயா தெல் கஸ்தாஞோ, பொல்லாயுவோலோ உடன்பிறப்புகள் முதலியோரின் ஓவியங்கள் கருத்துப்போயிருக்க, செபாஸ்டியானோவின் ஓவியம் நிறம் மாறாமல் இருந்ததாக வசாரி பாராட்டுகின்றார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இன்று அதுவும் ஓரளவு கருமை அடைந்தே உள்ளது. எனினும் சுவரை விட்டு உதிரவில்லை. ரஃபாயெலின் தோற்றமாற்ற ஓவியம் 1523இல் இதே ஆலயத்தின் தலைமைப் பீடத்தில் வைக்கப்பட்டு 1797 வரை அங்கேயே இருந்தது என்பது சுவையான செய்தி. போட்டியாளர் இருவரையும் ஒரே கூரையின் கீழ் மக்கள் பல தலைமுறைகளாகக் கண்டனர்.

சுவரில் எண்ணெய் கொண்டு வரைய முயன்றவர் இவர் ஒருவர் மட்டும் அல்லர். ரஃபாயெல் இறந்த பின் வத்திக்கான் அரண்மனையின் கான்ஸ்டன்டைன் மண்டபப் பணியைப் பெற செபாஸ்டியானோ மைக்கலாஞ்சலோ மூலம் முயன்றார். ஆனால் ரஃபாயெலின் மாணவர்களே அதைத் தக்கவைத்துக்கொண்டனர். அம்மண்டபத்தில் நீதி, இன்முகம் ஆகியவற்றைக் குறிக்கும் இரு பெண் உருவங்கள் மட்டும் எண்ணெயில் உள்ளன. பிற யாவும் ஈரச்சுதை. 2025இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்ட சீரமைப்புப் பணியின்போது, இவ்விரண்டும் ரஃபாயெலின் கைவண்ணமே என்ற முடிவுக்கு வத்திக்கான் அருங்காட்சியகத்தினர் வந்தனர். எண்ணெய் ஓவியத்துக்கு அடித்தளமாகப் பூசிய இயற்கைப் பிசின் படலத்தைத் தாங்குவதற்காகச் சுவரில் ஆணிகள் அடிக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. ஆகவே செபாஸ்டியானோவும் அவர் வெறுத்த ரஃபாயெலும் ஒரே காலத்தில், ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே தீர்வைத் தேடிக்கொண்டிருந்தனர்.

ரோம் சூறையாடல்

1527 மே 6 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லசின் ஊதியம் பெறாத படையினர் ரோம் நகருள் புகுந்து சூறையாடினர். கர்தினால் ஜூலியோ அப்போது ஏழாம் கிளமெண்ட் என்ற பெயரில் திருத்தந்தையாக இருந்தார். அவர் சான்ட் ஏஞ்சலோ கோட்டைக்குள் ஒளிந்தபோது செபாஸ்டியானோவும் உடன் இருந்தார். நகரில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஆலயங்களும் மாளிகைகளும் கொள்ளையிடப்பட்டன. வத்திக்கானில் ரஃபாயெல் வரைந்த ஈரச்சுதை ஓவியங்களின் மீது படையினர் கூரிய முனையால் கீறி எழுதிய எழுத்துக்களும், பார்னேசினா மாளிகைச் சுவரில் 1528இல் கீறியவையும் இன்றும் காணக்கூடியவை.

செபாஸ்டியானோ சில காலம் வெனிஸுக்குச் சென்று தங்கிவிட்டு 1529இல் ரோம் திரும்பினார். சூறையாடலுக்கு முன் இருந்த மனிதராகத் தாம் இப்போது இல்லை என்று 1531இல் மைக்கலாஞ்சலோவுக்கு எழுதினார். ஓவியர் பலர் சிதறிப் போயிருந்தனர்; சிலர் மாண்டனர். சேதமுற்ற வத்திக்கான் ஓவியங்களில் சில முகங்களைச் செபாஸ்டியானோ திருத்தி வரைந்ததாகவும், பின்னாளில் ரோமுக்கு வந்த டிசியன், இவரே அதைச் செய்தவர் என்பதை அறியாமல், இவ்வளவு அறிவற்ற முறையில் முகங்களைக் கெடுத்தவர் யார் என்று இவரிடமே வினவியதாகவும் லொதொவிக்கோ தோல்சே 1557இல் எழுதிய நூலில் ஒரு கதை உள்ளது. தோல்சே வெனிஸ் தரப்பில் நின்று டிசியனை உயர்த்துபவர் என்பதால் இக்கதையைச் சற்று எச்சரிக்கையுடனே கொள்ளுதல் நலம்.

கல்லில் ஓவியம்

1530 ஜூன் மாதம் வித்தோரே சொரான்சோ என்பவர் ரோமில் இருந்து எழுத்தாளர் பியேத்ரோ பெம்போவுக்கு எழுதிய கடிதம் ஒன்று, செபாஸ்டியானோ பளிங்கின் மீது எண்ணெயில் வரையும் இரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்ற செய்தியைத் தெரிவிக்கின்றது. வண்ணம் காய்ந்தவுடன் கல்லுடன் ஒன்றிக் கல்லாகவே ஆகிவிடுவது போல் உள்ளதாகவும், இதனால் ஓவியம் ஏறத்தாழ அழிவற்றதாகிவிடும் என்றும் அவர் வியக்கின்றார். சூறையாடலைக் கண்ணால் கண்டவர் அழியாத பரப்பைத் தேடியதில் வியப்பில்லை என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். சிற்பமா ஓவியமா எது உயர்ந்தது என்று அக்காலத்தில் நடந்த வாதத்தையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். ஓவியம் விரைவில் அழியும் என்பதே சிற்பிகளின் முதன்மையான வாதம். கல்லில் தீட்டிய ஓவியம் அவ்வாதத்துக்கு நேரடி மறுமொழி.

செபாஸ்டியானோ மிகுதியாகப் பயன்படுத்தியது சிலேட்டுக்கல். பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகிய அதே கல்தான். களிமண் படிவு பூமியின் அழுத்தத்தால் இறுகி உருவாகும் இக்கல் மெல்லிய பலகைகளாகப் பிளக்கக்கூடியது. நுண்துளைகள் மிகக் குறைவு. மரப்பலகை மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும். அதனுடன் சேர்ந்து அசைய முடியாத பழைய வண்ணப் படலம் வெடிக்கும். கித்தான் தளரும், கிழியும். சிலேட்டு இவை எதையும் செய்வதில்லை. புழுவும் அரிக்காது. மேலும் அதன் கருஞ்சாம்பல் நிறமே இருண்ட பின்னணியாக அமைவதால், ஒளிபடும் பகுதிகளை மட்டும் கட்டியெழுப்பினாலே உருவம் இருளில் இருந்து வெளிப்படுவது போல் தோன்றும். நிலவொளிப் பியேட்டாவை வரைந்தவருக்கு இது மிகப் பொருந்திய பரப்பு.

லாஸ் ஏஞ்சலசில் உள்ள கெட்டி அருங்காட்சியகத்தின் ஏழாம் கிளமெண்ட் உருவப்படம் (சுமார் 1531) இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இதில் திருத்தந்தை தாடியுடன் காணப்படுகின்றார். சூறையாடலின் துயரத்தைக் காட்ட அவர் தாடி வளர்த்தார். சூறையாடலுக்கு முன்னர் இவரே கித்தானில் வரைந்த தாடியற்ற கிளமெண்டின் படம் நேப்பிள்சின் கப்போதிமோந்தே அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரே மனிதர், ஒரே ஓவியர், இடையில் ஐந்தாறு ஆண்டுகள். முகம் மட்டுமன்றிப் பரப்பும் மாறிவிட்டது. சிலேட்டில் வரைந்த பிற ஓவியங்களுள் பாச்சோ வலோரியின் உருவப்படம், மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்திலும் சென் பீட்டர்ஸ்பர்க்கின் எர்மித்தாசிலும் உள்ள சிலுவை சுமக்கும் கிறித்து ஓவியங்கள் ஆகியவை அடங்கும். வெள்ளி, செம்பு, வெள்ளீயம் ஆகிய உலோகங்களின் மீது வரையும் முறையையும் இவர் காட்டினார் என்று வசாரி கூறுகின்றார்.

இப்பரப்பின் குறை அதன் எடை. ஒரு சதுர மீட்டர் பரப்பும் இரண்டு சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள சிலேட்டுப் பலகை ஏறக்குறைய 55 கிலோகிராம் இருக்கும். அதே அளவுள்ள பாப்ளர் மரப்பலகை சுமார் பத்து கிலோகிராம் மட்டுமே. அழியாமைக்காகத் தேர்ந்த கல் கீழே விழுந்தால் ஒரு நொடியில் உடைந்துவிடும் என்பதும் முரண். இவ்வோவியங்களை இடம் மாற்றுவது பெரும்பாடு என்பதை வசாரியும் சுட்டுகின்றார்.

உபேதா பியேட்டா

ஐந்தாம் சார்லசின் செயலரான பிரான்சிஸ்கோ தெ லோஸ் கோபோசுக்குப் பரிசளிப்பதற்காகப் பெர்ராந்தே கொன்சாகா 1533இல் செபாஸ்டியானோவிடம் ஒரு பியேட்டாவை வரையப் பணித்தார். சிலேட்டின் மீது தீட்டப்பட்ட இவ்வோவியம் 1539இல்தான் முடிந்தது. ரோமில் இருந்த கொன்சாகாவின் முகவர் ஆறு ஆண்டுகளாக ஓவியரின் பின்னால் அலைய நேர்ந்தது. சட்டத்துடன் சேர்த்து ஐந்நூறு ஸ்கூதி விலை என்று வசாரி குறிக்கின்றார். ஸ்பெயினின் உபேதா நகரில் கோபோஸ் கட்டிய மீட்பர் சிற்றாலயத்துக்கு அனுப்பப்பட்ட இது, தற்காலத்தில் பிராதோ அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

முத்திரைப் பொறுப்பாளர்

1531இல் கிடைத்த முத்திரைப் பதவிக்கு நல்ல வருவாய் இருந்தது. பொற்கொல்லர் பென்வெனூத்தோ செல்லினியும் இப்பதவிக்கு விண்ணப்பித்தவர். வருவாயில் ஒரு பகுதியை மற்றொரு போட்டியாளரான ஓவியர் ஜொவான்னி தா ஊதினேவுக்கு ஆண்டுதோறும் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பதவிக்காகத் துறவியர் உடையையும் இவர் அணிய வேண்டியிருந்தது. அதன்பின் இவர் சோம்பேறி ஆகிவிட்டார் என்றும், வேலையைவிட உரையாடலிலும் நண்பர்களுடன் விருந்துண்பதிலும் காலம் கழித்தார் என்றும் வசாரி எழுதுகின்றார். இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. கல்லின் மீது மெல்லிய படலங்களாகத் தீட்டும் முறை இயல்பாகவே மெதுவானது; மேலும் வசாரி மைக்கலாஞ்சலோவைப் போற்றியவர், ஆகவே அவரது பகைவரிடம் கனிவு காட்ட அவருக்குக் காரணம் இல்லை. ஆனால் புனித மரியா தெல் பாப்பலோ ஆலயத்தில் உள்ள கீஜி சிற்றாலயத்தின் நிலை வசாரிக்குச் சான்றாகவே நிற்கின்றது. அங்கு கன்னி மரியாவின் பிறப்பை, பெப்பெரீனோ என்னும் எரிமலைக்கற்களால் ஆன பரப்பின் மீது எண்ணெயில் வரைய 1530இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. பதினேழு ஆண்டுகள் கழித்து இவர் இறந்தபோதும் அது முற்றுப்பெறவில்லை. பிரான்செஸ்கோ சல்வியாத்தி அதை 1554இல் நிறைவு செய்தார்.

இறுதித் தீர்ப்புச் சுவர்

சிஸ்டைன் சிற்றாலயத்தின் பீடச் சுவரில் இறுதித் தீர்ப்பை வரையும் பணி மைக்கலாஞ்சலோவுக்கு அளிக்கப்பட்டது. ஏழாம் கிளமெண்ட் 1534இல் இறந்தபின் மூன்றாம் பவுல் அதைத் தொடரச் செய்தார். சுவரைத் தயார் செய்யும் வேலை 1535இல் நடந்தது. அதை எண்ணெய் ஓவியத்துக்கு ஏற்றதாகத் தயாரிக்க வேண்டும் என்று செபாஸ்டியானோ திருத்தந்தையை இணங்கவைத்தார். போர்கெரீனி சிற்றாலயத்தில் வென்ற முறையை உலகின் மிக முதன்மையான சுவரில், தமது நண்பரின் கையால் நிறைவேற்றிக் காண அவர் விரும்பினார் என்று கொள்ளலாம். சுவரும் அவ்வாறே தயாரிக்கப்பட்டது.

மைக்கலாஞ்சலோ சில மாதங்கள் ஒன்றும் கூறாமல் இருந்தார். வற்புறுத்தப்பட்டபோது, ஈரச்சுதையில் அன்றி வரையமாட்டேன் என்று மறுத்துவிட்டார். எண்ணெய் ஓவியம் பெண்களுக்கும், செபாஸ்டியானோவைப் போன்ற வசதியான சோம்பேறிகளுக்கும் உரியது என்ற பொருளில் அவர் இழித்துரைத்ததாக வசாரி பதிவு செய்துள்ளார். செபாஸ்டியானோவின் பூச்சு முழுவதும் 1536 சனவரியில் உரித்து அகற்றப்பட்டு, ஈரச்சுதைக்கான சாந்து புதிதாகப் பூசப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய மைக்கலாஞ்சலோ, சுமார் 450 நாட்பகுதிகளாக வரைந்து முடிக்க, 1541 அக்டோபர் 31 அன்று ஓவியம் திறந்துவைக்கப்பட்டது.

மைக்கலாஞ்சலோவின் மறுப்புக்குத் தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு. அறுபது வயதைக் கடந்தவர், தாம் நன்கறிந்த முறையை விட்டு, அவ்வளவு பெரிய பரப்பில் எவரும் சோதித்திராத முறையை ஏற்பது எளிதன்று. செபாஸ்டியானோவின் முறை ஒரு சிற்றாலயத்தில் வென்றது உண்மை. அதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின என்பதும் உண்மை. எவ்வாறாயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலான நட்பு இத்துடன் முறிந்தது. ஒருவர் மகனுக்கு மற்றவர் ஞானத் தந்தையாக இருந்தும், இருவரும் அதே நகரில் வாழ்ந்தும், பழைய உறவு திரும்பவில்லை.

இறப்பு

செபாஸ்டியானோ 1547 ஜூன் 21 அன்று ரோமில் காலமானார். குருக்களோ துறவியரோ விளக்குகளோ இன்றித் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்றும், அதற்காகும் செலவை ஏழைகளுக்கு வழங்கவேண்டும் என்றும் இவர் விரும்பியதாகவும், அவ்வாறே நடந்ததாகவும் வசாரி கூறுகின்றார். புனித மரியா தெல் பாப்பலோ ஆலயத்தில், முற்றுப்பெறாத ஓவியம் இருந்த அதே ஆலயத்தில், அடக்கம் செய்யப்பட்டார். முத்திரைப் பதவி சிற்பி குல்லியெல்மோ தெல்லா போர்த்தாவுக்குச் சென்றது.

பின்னாளில்

சுவரில் எண்ணெய் தீட்டும் முறை பெரிதாகப் பரவவில்லை. கல்லில் தீட்டும் முறையோ ஐரோப்பா எங்கும் பரவியது. டிசியன் 1547இல் சிலேட்டின் மீது வரைந்த கிறித்து உருவத்தைப் பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கு அளித்தார். பின்னர் பளிங்கின் மீது துயருறும் மரியாவையும் வரைந்தார். தானியேலே தா வொல்தெர்ரா, தாவீது கோலியாத்தை வீழ்த்தும் காட்சியை ஒரே சிலேட்டுப் பலகையின் இரு பக்கங்களிலும் இரு கோணங்களில் தீட்டினார். ரூபன்ஸ், ரோமின் புதிய ஆலயத்துக்காகக் கித்தானில் வரைந்த பீட ஓவியம் அங்குள்ள வெளிச்சத்தில் பளபளத்து உருவங்கள் தெரியாமற் போகவே, 1608இல் அதை நீக்கிவிட்டுச் சிலேட்டின் மீது மீண்டும் வரைந்தார். சிலேட்டு அவ்வளவாக ஒளிர்வதில்லை என்பதே காரணம். நீக்கப்பட்ட கித்தான் ஓவியம் பிரான்சின் கிரெனோபிள் அருங்காட்சியகத்தில் உள்ளது.

2017இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடம் மைக்கலாஞ்சலோ, செபாஸ்டியானோ ஆகிய இருவரையும் இணைத்துக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. வித்தெர்போவின் பியேட்டாவும் லாசரு ஓவியமும் அதில் இடம்பெற்றன. சுவரை விட்டுப் பெயர்க்க இயலாத போர்கெரீனி சிற்றாலயம் மட்டும், முப்பரிமாண முறையில் முழு அளவில் மீளுருவாக்கம் செய்யப்பட்டு அங்கு வைக்கப்பட்டது.